முதலில் யாருக்கு மூச்சு?

புதுச்சேரியில் பல வீடுகளுக்குப் பாரிஸ் நகரம் அடுத்த தெரு மாதிரி. பிள்ளையோ பெண்ணோ அங்கே குடியிருப்பார்கள். எங்கள் அண்டை வீட்டு அம்மாளும் ஐந்து வயதுப் பேத்தியுடன் அங்கே புறப்பட ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார். நேற்று மாலை கடற்கரைச் சாலையில் என்னைக் கண்டதும் பிடித்துக்கொண்டார்.

"ஏன் தம்பி, விமானத்தில் காற்றுக் குறைந்தால் மேலேயிருந்து முகமூடி விழுமாமே! அதை முதலில் நாம் போட்டுக்கொண்டு அப்புறந்தான் குழந்தைக்குப் போட வேண்டுமாம். இது அடுக்குமா?"

நியாயமான கேள்விதான். தான் பட்டினி கிடந்து பிள்ளைக்குச் சோறு போட்ட தலைமுறை அல்லவா?

35,000 அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் கால் பங்குதான். ஆகையால் இன்ஜின்களில் அழுத்தப்படும் காற்றில் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்து, குளிர்வித்து, உள்ளே செலுத்துகிறார்கள். அதன் பயனாக, எவரெஸ்ட் சிகரத்துக்கும் மேலே பறந்தாலும், ஏறக்குறைய உதகமண்டலத்தில் உட்கார்ந்திருப்பது போல் மூச்சு விடுகிறோம். காப்பியும் கிடைக்கிறது, உதகைக் காப்பிக்கு அது ஈடாகாது என்பது வேறு விஷயம்.

இந்த ஏற்பாடு தவறினால்? 2018 செப்டம்பர் 20-ஆம் தேதி காலையில் மும்பையிலிருந்து ஜெய்ப்பூருக்கு ஒரு ஜெட் ஏர்வேஸ் விமானம் கிளம்பிற்று. பிரயாணிகள் 166 பேர். சிப்பந்திகள் 5 பேர். இன்ஜின் காற்றை உள்ளே விடும் விசையைப் போட விமானிகள் மறந்துவிட்டார்கள். விமானம் ஏற ஏற உள்ளே காற்று மெலிந்தது. முகமூடிகள் கொத்துக் கொத்தாக விழுந்தன. சுமார் 30 பேருக்குத் தலைவலி, மூக்கிலும் காதிலும் இரத்தம். விமானத்தை மும்பைக்கே திருப்பி இறக்கினார்கள், எல்லோரும் பிழைத்தார்கள்.

இத்தகைய சமயத்தில் விமானிகளுக்கு விதித்திருக்கும் முதல் காரியம், தங்கள் முகத்தில் பிராணவாயு முகமூடியை மாட்டிக்கொள்வது. மற்றதெல்லாம் பிறகுதான். உடனே 10,000 அடிக்கு இறங்க வேண்டும். பிரயாணிகளின் முகமூடிக்குப் பல விமானங்களில் சுமார் 12 நிமிஷத்துக்குத்தான் பிராணவாயு உண்டு. இறங்குவதற்கு அது போதும்.

2005 ஆகஸ்டு 14-ஆம் தேதி ஸைப்ரஸ் தீவிலிருந்து ஆதன்ஸுக்குப் புறப்பட்ட ஹீலியோஸ் விமானத்தின் விமானிகளோ முகமூடியைத் தொடவே இல்லை. எச்சரிக்கைச் சங்கு ஊதியது. அதை வேறொரு கோளாறு என்று எண்ணி ஆராய்ந்துகொண்டிருக்கையிலேயே அறிவு மயங்கிவிட்டது. விமானம் தானாகவே பறந்து, எண்ணெய் தீர்ந்ததும் மலையில் விழுந்தது. 121 பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

அம்மாள் முகம் வாடிவிட்டது. "மயக்கம் வருவது தெரியாதா? தெரிந்ததும் போட்டுக்கொண்டால் போச்சு" என்றார்.

அங்கேதான் ஆபத்து. அதற்குப் பிரெஞ்சுக்காரர் கதையையே சொன்னேன். 1875 ஏப்ரலில் திஸ்ஸாந்தியே, ஸிவெல், குரோஸே-ஸ்பினெல்லி என்ற மூவர் 'ஸெனித்' என்னும் பலூனில் ஏறினார்கள். பிராணவாயு நிரம்பிய பைகள் தலைக்கு மேலேயே தொங்கின. இருபத்தைந்தாயிரம் அடிக்கும் மேலே போனபோது வலியில்லை, பயமில்லை. ஒருவித ஆனந்தமே உண்டாயிற்று. குழாயை எடுக்கலாம் என்று திஸ்ஸாந்தியே நினைத்தார். கை எழவில்லை. பலூன் தரைக்கு வந்தபோது அவர் ஒருவரே உயிரோடிருந்தார்.

"35,000 அடியில் நமக்குப் புத்தி தெளிவாக இருப்பது அரை நிமிஷம், மிஞ்சினால் ஒரு நிமிஷம். திமிறுகிற குழந்தைக்கு மாட்டுவதற்குள் உங்கள் கை விழுந்துவிட்டால், அப்புறம் அவளுக்கு யார் மாட்டுவது? நீங்கள் போட்டுக்கொண்டுவிட்டால், அவள் மயங்கினாலும் உடனே மாட்டிப் பிழைக்க வைக்கலாம்."

அம்மாள் சற்று நேரம் அலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையை எடுத்துத் தம் மூக்கில் வைத்து, "ஒன்று, இரண்டு" என்று எண்ணிவிட்டு, பேத்தியின் மூக்கில் வைத்தார்.

"போ பாட்டி, எனக்குத்தான் முதல்லே!" என்று குழந்தை சிணுங்கிற்று. அம்மாள் விடவில்லை; மறுபடியும் தம் மூக்கிலிருந்தே தொடங்கினார்.