ஊர் அளித்த வாக்கு ஊரறிய வேண்டுமா?

வாக்குச்சாவடியின் மறைப்புக்குப் பின்னால் நின்று எந்தப் பொத்தானை அழுத்தினோம் என்பது அழுத்தியவருக்கு மட்டுமே தெரியும். அதை வெளியிடுமாறு எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். தனிமனிதருக்கு உள்ள இந்தப் பாதுகாப்பு, அவர் வாழும் ஊருக்கு இல்லை என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

வாக்குச்சீட்டு இருந்த காலத்தில், பல சாவடிகளின் பெட்டிகளைத் திறந்து சீட்டுகளை ஒன்றாகக் கொட்டிக் கலந்த பிறகே எண்ணுவதற்குத் தேர்தல் நடத்தை விதிகளில் இடம் இருந்தது. வாக்காளர்கள் மிரட்டப்படவோ பழிவாங்கப்படவோ கூடும் என்று தேர்தல் ஆணையம் அஞ்சும் தொகுதிகளுக்காகவே 59ஏ என்ற விதி சேர்க்கப்பட்டது. கலந்துவிட்ட பிறகு எந்தச் சீட்டு எந்த ஊரிலிருந்து வந்தது என்று யாராலும் கூற இயலாது.

1982-ல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 சாவடிகளில் பயன்படுத்திப் பார்க்கப்பட்ட மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம், 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதற்கும் வந்தது. வாக்குச்சீட்டை எண்ணி முடிக்க இரவு பகலாகக் காத்திருந்த நிலை மாறியது. சாவடிக்குள் புகுந்து கட்டுக்கட்டாகச் சீட்டில் முத்திரை குத்துவதும் எளிதல்ல என்றாயிற்று. இவற்றை மறுப்பதற்கில்லை. ஆனால், சீட்டுகளைக் கலந்ததுபோல இயந்திரங்களைக் கலக்க முடியாது. ஒவ்வொரு சாவடியின் கட்டுப்பாட்டுக் கருவியும் தனித்தனியே தன் கணக்கைச் சொல்கிறது. முகவர்கள் அதைக் குறித்துக் கொள்கின்றனர். பின்னர், படிவம் 20 என்ற பெயரில் சாவடி வாரியான முடிவுகள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரிகளின் இணையதளங்களிலேயே வெளியாகின்றன.

ஒரு சாவடிக்கு ஆயிரம் வாக்காளர்கள் இருக்கலாம். குக்கிராமங்களில் சில நூறு பேர்தான். சாதிக்கொரு தெரு, மதத்துக்கொரு பகுதி என்று பிரிந்து கிடக்கும் ஊர்களில் இந்த எண்கள் யாரைக் காட்டிக் கொடுக்கும் என்று விளக்கத் தேவையில்லை. வாக்காளர் பட்டியலில் பெயரும் தந்தை அல்லது கணவர் பெயரும் வீட்டு எண்ணும் உள்ளன. முன்பு கட்சித் தொண்டர் ஊர் ஊராக அலைந்து ஊகித்ததை, இன்று பட்டியலையும் முடிவையும் பொருத்திப் பார்த்துக் கணினி நொடியில் சொல்லிவிடுகிறது.

இது வெறும் கற்பனை அச்சமல்ல. 2019 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தில் பிரசாரம் செய்த மேனகா காந்தி, தமக்கு 80 சதவீத வாக்கு அளிக்கும் கிராமம் 'ஏ', 60 சதவீதம் என்றால் 'பி' என்று ஊர்களைத் தரம் பிரிப்பதாகவும், அந்த வரிசையிலேயே பணிகள் நடக்கும் என்றும் மேடையிலேயே கூறினார். தேர்தல் ஆணையம் கண்டித்தது; அத்துடன் முடிந்தது. 2014-ல் மகாராஷ்டிரத்தின் பாராமதி தொகுதியில், வாக்களிக்காவிட்டால் குடிநீர் நிறுத்தப்படும் என்று ஒரு கிராமத்தினரை அன்றைய துணை முதல்வர் அஜீத் பவார் மிரட்டியதாகப் புகார் எழுந்தது. அவர் அதை மறுத்தார். புகாரின் உண்மை எதுவாயினும், ஒரு கிராமம் எப்படி வாக்களித்தது என்பது தெரியும் என்ற நிலை இருப்பதால்தான் அத்தகைய மிரட்டலுக்கு அர்த்தம் உண்டாகிறது.

பரிகாரம் இல்லாமல் இல்லை. 'டோட்டலைசர்' என்ற கருவி, 14 கட்டுப்பாட்டுக் கருவிகளை ஒன்றாக இணைத்து, மொத்தக் கூட்டுத்தொகையை மட்டும் காட்டும். இதைப் பயன்படுத்த அனுமதிக்குமாறு 2008-லேயே தேர்தல் ஆணையம் மத்திய அரசைக் கேட்டது. நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் 2015 மார்ச்சில் தனது 255-வது அறிக்கையில் அதை ஆதரித்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. எங்கே தாங்கள் பின்தங்கியுள்ளோம் என்று அறிந்து அங்கே மேலும் பாடுபட, சாவடி வாரியான முடிவுகள் கட்சிகளுக்கு உதவும் என்பது உச்ச நீதிமன்றத்தில் அரசு முன்வைத்த வாதம். பாடுபடத்தான் இந்தப் பட்டியல் என்றால் மேனகா காந்தியின் 'டி' கிராமம் அல்லவா வரிசையில் முதலில் நின்றிருக்க வேண்டும்!

மறுதரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு. இயந்திரத்தின் மீதே ஐயம் எழுப்பப்படும் காலத்தில், சாவடிக் கணக்கையும் மூடிவிட்டால் தவறைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். எனினும், இணைப்பதற்கு முன் ஒவ்வொரு கருவியிலும் பதிவான மொத்த வாக்குகளை மட்டும் படிவம் 17சி-யுடன் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். யாருக்கு எத்தனை என்று அப்போது தெரிய வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றம் 2019-ல் உத்தரவிட்டபடி, ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் 5 சாவடிகளின் ஒப்புகைச் சீட்டுகள் எண்ணப்படுகின்றன. அந்தச் சாவடிகளைத் தனியே வைத்துக்கொண்டு மற்றவற்றை இணைக்கலாம். எல்லாத் தொகுதிகளிலும் இது வேண்டும் என்பதுகூட இல்லை. அச்சம் நிலவும் இடங்களை ஆணையமே தேர்ந்தெடுக்கட்டும்.

இதற்கு நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றவும் தேவையில்லை. தேர்தல் ஆணையத்துடன் கலந்தாலோசித்து மத்திய அரசு விதியைத் திருத்தினால் போதும். அது எத்தனை விரைவில் நடக்கக்கூடியது என்பதை 2024 டிசம்பரில் பார்த்தோம். தேர்தல் ஆவணங்களைத் தருமாறு பஞ்சாப் - ஹரியாணா உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட இரு வாரங்களுக்குள் 93-வது விதி திருத்தப்பட்டு, சாவடிக் கண்காணிப்பு கேமரா பதிவுகள் பொதுமக்கள் பார்வைக்குக் கிடைக்காமல் செய்யப்பட்டன. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, வாக்காளரின் ரகசியத்தைக் காப்பது. அதே ரகசியத்தைக் காப்பதற்காகக் கேட்கப்பட்ட டோட்டலைசர், 2008-ல் இருந்து காத்துக் கிடக்கிறது.