அடைப்பு எடுக்குற நேரத்துக்கும் நாந்தான் காசு கொடுக்கணுமா?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, எழுதினா திட்டு விழுமேன்னு தள்ளிப் போட்ட பதிவு மக்களே. நெல்லறுக்குற மெஷினைப் பத்தி. ஆரப்பாளையத்துல உக்காந்துக்கிட்டு உனக்கு என்னய்யா நெல்லுங்கிறீங்களா? இங்கேர்ந்து சோழவந்தான் பஸ் பிடிச்சா எங்க வயல். ஒண்ணரை ஏக்கர்தான், ஆனா வயித்தெரிச்சல் பத்து ஏக்கருக்கு இருக்கு :)

போன மாசியில செயின் வண்டி வந்துச்சு. "காலைல ஆறு மணிக்கு இறக்கிருவோம் சார், விட்டா வண்டி மேலூர் போயிரும்"னார் புரோக்கர். நானும் தலையாட்டினேன். வரப்புல நடந்தா வேட்டி நனையுற அளவு பனி. அதுல இறக்கினாங்க. நாலு தடவை அடைச்சுது. வாட்ச்சைப் பாத்துக்கிட்டே நின்னேன், மொத்தம் 55 நிமிஷம் வண்டி சும்மா நின்னுச்சு. கடைசியில பில்லு ரெண்டே முக்கால் மணி நேரத்துக்கு. அந்த 55 நிமிஷமும் அதுல அடக்கம்!

ஏன் அடைக்குது? பக்கத்து வயல்காரர் கம்பெனி பேரைச் சொல்லித் திட்டுறார். டிரைவர் "இந்த ரக வைக்கோலே இப்படித்தான்"ங்கிறார். ரெண்டும் சால்ஜாப்பு. காஞ்ச தாளு டிரம்முல அடி வாங்கினா ஒடிஞ்சு, பின்பக்கம் சுத்துற விசிறியில பட்டு சிதறிப் போயிரும். பனி குடிச்ச தாளு ஒடியாது, கயிறு மாதிரி வளைஞ்சு தண்டுல சுத்திக்கும். அதுமேல அடுத்த கத்தை வந்து உக்காரும். பெல்ட்டு தளர்ந்திருந்தா அங்கேயே வழுக்கும், விசிறி மெதுவாகும், வாய் அடைச்சுக்கும். பின்னால வழி இல்லைன்னா உள்ள இருக்குற வைக்கோல் எங்க போகும்? நெல்லு பிரியாம வைக்கோலோட சேந்தே வெளிய வந்து கொட்டும். அன்னிக்கு அடைப்பு எடுத்து வரப்போரம் போட்ட குவியலை உதறிப் பாத்தேன், கைநிறைய நெல்லு.

இன்னொரு கூத்து. டீசல் மிச்சம் பிடிக்க ஆக்சிலேட்டரைக் குறைச்சு ஓட்டுறாங்க. முன்னால போற வேகத்தைத்தான் குறைக்கணும், இன்ஜின் வேகத்தை இல்லை. இன்ஜின் இறங்கினா விசிறியும் இறங்கும். அதோட, தாளை அடியோட ஒட்ட அறுக்கச் சொல்றது நம்ம ஆளுங்க. அறுக்குற உயரத்தை ஒரு ஜாண் ஏத்தினாலே உள்ள போற ஈரத்தாளு குறையும். சாஞ்ச பயிரா இருந்தா சாஞ்ச பக்கத்துக்கு எதிரா ஒரே திசையில மெதுவா அறுக்கணும். மழுங்கின பிளேடைத் திருப்பிப் போடணும். இதெல்லாம் ராக்கெட் விஞ்ஞானமா என்ன? எல்லா டிரைவருக்கும் தெரியும். செய்ய மாட்டாங்க, ஏன்னா மணிக்கணக்கு வாடகை. வேகமா போனா ஒரு நாளைக்கு நாலு வயல் கூட. அடைச்சாலும் மீட்டர் ஓடும். ரெண்டு பக்கமும் அவருக்கு லாபம்தான். அடைப்பைத் தவிர்க்கணும்னு அவருக்கு என்ன தலையெழுத்து?

வண்டி ஓனர் பக்கமும் நியாயம் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆத்தூர் பக்கத்துலேர்ந்து லாரியில ஏத்தி வரணும், லோன் தவணை கட்டணும், சீசன் கொஞ்ச நாள்தான். பேரணையிலேர்ந்து கள்ளந்திரி வரைக்கும் 45,041 ஏக்கர் இருபோகப் பாசனம், எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல முத்தி நிக்கும். வண்டி பத்தாது. அதுக்காக என் தலையில கட்டுறதா?

பஞ்சாப் கதையே வேற. அங்க வைக்கோலைக் கொளுத்தாம இருக்க, அறுக்குற வண்டிக்குப் பின்னாலயே நறுக்கிச் சிதறடிக்கிற சாதனத்தை 2018-ல கட்டாயமாக்கினாங்க. டீசல் கூடக் குடிக்குதுன்னு வண்டிக்காரங்க அங்கயும் புலம்பல்தான். நமக்கு அந்தச் சட்டம் வேணாம், வைக்கோல் இங்க மாட்டுத்தீவனம், காசு. ஆனா அங்க மாவட்ட நிர்வாகங்கள் சீசனுக்குச் சீசன் போடுற இன்னொரு உத்தரவு நமக்கு வேணும்: பொழுது சாஞ்சா மறுநாள் காலை வெயில் ஏறுற வரைக்கும் மெஷின் அறுப்புக்குத் தடை. நேரம் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். காரணம் பனி ஈரம். இங்க ஈரத்துல அறுத்துக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போனா, 17 சதவீதத்துக்கு மேல ஈரம்னு களத்துல காயப்போட்டுக் காவல் காக்குறது யாரு? வண்டி ஓனரா?

டெல்டாவுல கலெக்டர் முத்தரப்புக் கூட்டம் போட்டு மணிக்கு இவ்வளவுன்னு வாடகை முடிவு பண்றாங்க. அந்தக் கூட்டத்துலயே ரெண்டு வரி சேத்தா போதும். காலை பத்துக்கு முன்னால வண்டி இறங்கக்கூடாது. அடைச்சு நிக்குற நேரம் கணக்குல வராது. விவசாயியே ஈரத்துல அறுன்னு அடம் பிடிச்சா, அந்த நேரத்துக்கு அவரே கொடுக்கட்டும், நியாயம்தான். (மழை வரப் போகுதுன்னா நானும் அடம் பிடிப்பேன், ஹி ஹி.)

காசை விடுங்க. மூணாவது தடவை அடைச்சப்ப, கூட வந்த பையன் இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே பின்னால கையை விட்டான். இருபது வயசுகூட இருக்காது. நான் கத்தினேன். டிரைவர் திரும்பிப் பாத்து, "அணைச்சுப் போட்டா லேட்டாகும் சார், உங்களுக்குத்தானே பில்லு ஏறும்"னார்.

அன்னிலேர்ந்துதான் இதை எழுதணும்னு இருந்தேன். வர்ற போகத்துக்கு அதே புரோக்கர் போன் பண்ணியிருக்கார். பத்து மணிக்குன்னா வரட்டும், அடைச்சா இன்ஜினை அணைச்சுச் சாவியை எங்கிட்ட கொடுத்துட்டுத்தான் கை வைக்கணும்னு சொல்லியிருக்கேன். யோசிச்சுச் சொல்றேன்னு வச்சுட்டார். நாலு நாளாச்சு.