உழைப்பவர் கையிலும் ஒரு பதிவு இருக்கட்டும்

பெருமதிப்பிற்குரிய சேலம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தில் நூறு நாள் வேலைக்குப் போகும் மக்களைப் பற்றியும், அவர்கள் வருகையைப் பதியும் கைப்பேசிச் செயலியைப் பற்றியும் எழுதுகிறேன். வேலை உறுதித் திட்டத்தை இந்த மாவட்டத்தில் நடத்தும் பொறுப்பு தங்களிடம் இருப்பதால் இந்த மடல் தங்களுக்கு.

என்.எம்.எம்.எஸ். என்ற அந்தச் செயலி 2021 மே மாதம் சோதனையாக வந்தது. 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயனாளிகளுக்கான வேலைகள் தவிர மற்ற எல்லாப் பணித்தளங்களுக்கும் கட்டாயமானது. பணித்தளப் பொறுப்பாளர் அன்றைய பெயர்ப் பட்டியலைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு, வேலை தொடங்கியதும் ஒரு படம், நான்கு மணி நேரம் கழித்து ஒரு படம் எடுத்து, இருப்பிடக் குறியீட்டோடு ஏற்ற வேண்டும். வராதவர் பெயரில் கூலி போகக் கூடாது என்ற நோக்கம் நியாயமானது. ஆனால் படம் ஏறாமல் போனால், வந்து உழைத்தவரின் கூலியும் சிக்கலாகிறது. 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் அந்தக் கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். மலையில் ஒரு குடும்பத்துக்கு அது சிறிய தொகை அல்ல.

இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு டவுனுக்கு வரும் சுற்றுலாப் பயணிக்கு இந்தச் சிரமம் தெரியாது. ஏரிக்கரையில் சிக்னல் கிடைத்துவிடும். சேர்வராயன் மலையின் மடிப்புகளுக்குள் இருக்கும் மலையாளிப் பழங்குடி ஊர்களில் நிலைமை வேறு. சிக்னல் இல்லாத இடத்திலும் படம் எடுத்து வைக்கலாம், பிறகு ஏற்றலாம் என்கிறது அரசு. உண்மைதான். ஆனாலும் பட்டியலை இறக்கவும் படத்தை ஏற்றவும் யாரோ ஒருவர் டவர் கிடைக்கும் மேட்டுக்கு நடக்க வேண்டியிருக்கிறது. கைப்பேசியும் டேட்டாவும் பெரும்பாலும் அவருடைய சொந்தச் செலவு.

சிக்னலைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அளந்து கொடுத்த வேலையை முடித்தால் முழுக் கூலி என்பது இத்திட்டத்தின் அடிப்படை. காலையிலேயே வந்து, கூடிப் பேசி, வேகமாக மண் வெட்டி முடிக்கும் குழு முன்பு வீடு திரும்ப முடிந்தது. மிளகுக்கொடியும் காப்பிச்செடியும் ஆடுமாடும் பிள்ளைகளும் அங்கே காத்திருந்தன. இப்போது வேலை முடிந்தாலும் இரண்டாவது படத்துக்காகக் காத்திருக்க வேண்டும். தன் நாளைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமையை ஒரு மென்பொருள் எடுத்துக்கொண்டது. அப்படி எடுக்கச் சொல்லி எந்தக் கிராம சபையும் தீர்மானம் போடவில்லை.

மனிதரை உள்ளிருந்து இயக்குவது எது என்று எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார்கள். தன் செயலைத் தானே தீர்மானிக்கும் உணர்வு, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, சக மனிதரோடு உள்ள பிணைப்பு ஆகிய மூன்றும் இருந்தால்தான் ஊக்கமும் மனநலமும் நிலைக்கும் என்பது அவர்கள் முடிவு. தொழில்நுட்பத்தை வடிவமைப்பவர்கள் சிலரும் இன்று இந்த மூன்றையும் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள். நம் செயலியை அதில் வைத்துப் பாருங்கள். எப்போது போகலாம் என்பதைச் செயலி தீர்மானிக்கிறது. தடுப்பணை எவ்வளவு உயர்ந்தது, குட்டை எவ்வளவு ஆழமானது என்று அந்தப் படம் கேட்பதில்லை. எத்தனை தலைகள் என்று மட்டும் கேட்கிறது. படம் ஏறாத நாளில் பணித்தளப் பொறுப்பாளருக்கும் அவருடைய சொந்த ஊராருக்கும் இடையே சந்தேகம் முளைக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு முறைகேடு நின்றதா? 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதியது: வேலைக்குத் தொடர்பில்லாத படங்கள் ஏற்றப்படுகின்றன; படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள்; பதிவில் உள்ள எண்ணிக்கையும் படத்தில் உள்ள எண்ணிக்கையும் ஒத்துப்போவதில்லை. அதற்கு அமைச்சகம் சொன்ன தீர்வு, மனிதர்களே படங்களைச் சரிபார்க்க வேண்டும் என்பது. ஏமாற்ற நினைப்பவர் வழி கண்டுபிடித்துவிட்டார்; நேர்மையாக உழைத்தவர் வெயிலிலும் மூடுபனியிலும் காத்து நிற்கிறார்.

வேறு வழி இந்த நாட்டிலேயே இருக்கிறது. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற மக்கள் அமைப்பு 1994 முதல் மக்கள் விசாரணைகளை நடத்தியது. அரசுப் பணிகளின் வருகைப் பதிவேட்டை ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். பொய்ப் பெயர்களை ஊராரே அடையாளம் காட்டினார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வித்திட்ட இயக்கங்களில் அது முதன்மையானது. 2019 செப்டம்பரில் அதே மாநில அரசு, மக்கள் அமைப்புகளோடு உட்கார்ந்து பேசி ஜன் சூச்னா என்ற இணையதளத்தைத் தொடங்கியது. தன் ஊரில் யாருக்கு என்ன கிடைத்தது என்று விண்ணப்பம் இல்லாமலே எவரும் அதில் பார்க்கலாம். அங்கே தொழில்நுட்பம் அரசை மக்கள் பார்க்க உதவுகிறது. இங்கே மக்களை அரசு பார்க்க மட்டும் உதவுகிறது.

ஆகவே தங்களிடம் நான்கு கோரிக்கைகள்.

ஒன்று: படம் ஏற்ற முடியாத விதிவிலக்கான சூழலில் வருகையைக் கையால் பதிய ஒப்புதல் தரும் அதிகாரம் மாவட்ட நிர்வாகத்துக்கு உண்டு. டவர் எட்டாத பணித்தளங்களை முன்கூட்டியே பட்டியலிட்டு, அந்த ஒப்புதல் தாமதமின்றிக் கிடைக்கச் செய்யுங்கள்.

இரண்டு: அன்றைய வருகை பதிவானதா என்பதைத் தொழிலாளி அன்றே அறியட்டும். எழுத்து தெரியாதவருக்குக் குரல் அழைப்பாகவோ, தளத்திலேயே படித்துக் காட்டியோ சொல்லலாம். வேலை அட்டையிலும் பதிந்து கொடுக்கலாம்.

மூன்று: அளவு வேலையை முடித்த குழு, அளவைப் பதிந்துவிட்டுக் கிளம்ப வழி வேண்டும். இதற்குச் செயலியைத் திருத்த வேண்டும் என்றால், மாநில அரசு வழியாக மத்திய அமைச்சகத்துக்குத் தாங்கள் எழுதுங்கள்.

நான்கு: நாகலூர், மஞ்சக்குட்டை, வாழவந்தி போன்ற ஊராட்சிகளின் அடுத்த கிராம சபையில் இந்தச் செயலியை ஒரு பொருளாக வையுங்கள். பணித்தளப் பொறுப்பாளர்களும் தொழிலாளர்களும் சொல்வதைத் தீர்மானமாகப் பதியுங்கள்.

இதை இப்போதே கேட்கக் காரணம் இருக்கிறது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய ஊரக வேலைச் சட்டம் வேலை நாள்களை 125 ஆக்குகிறது; கூடவே உயிரியளவு அடையாளத்தையும் இருப்பிடக் கண்காணிப்பையும் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவருகிறது. அங்கன்வாடி ஊழியர் கையில் போஷன் டிராக்கர், ஆசிரியர் கையில் எமிஸ் என்று ஒவ்வொரு துறையிலும் செயலிகள் பெருகுகின்றன. செயலியைப் பயன்படுத்தப் போகிறவரிடம் முதலில் கேட்பது என்ற வழக்கத்தை ஏற்காட்டில் தொடங்கிவைக்கத் தங்களால் முடியும். மேலிருந்து அரசாணை வரும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கிராம சபையின் கூட்டப் பொருளில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

நம்பிக்கையுடன்,
சேர்வராயன் மலைவாசி ஒருவர்