சங்கிலியின் மறுமுனை

மார்கழியில் சபா பக்கமே தலைகாட்டாமல், நானும் மனைவியும் எங்கள் நாயுமாக ஒரு வாரம் சும்மா இருந்தோம். ஒரு நாள் மாலை பெசன்ட் நகர்க் கடற்கரை.

“பாவம் ஸார், சங்கிலியை அவிழ்த்து விடுங்களேன்!” என்றார் ஒரு கனவான். கருணைதான், ஆனால் யாரிடம்?

மார்கழி முடிவதற்குள் பங்குனி ஆமைகள் இங்கே கரையேறத் தொடங்கிவிடும். ஒரு குழியில் சுமார் நூறு முட்டை இருக்கும். 1988 முதல் மாணவர்கள் இரவில் நடந்து நடந்து அவற்றைக் காக்கிறார்கள். அவிழ்த்துவிட்ட நாய் ஒன்று மோப்பம் பிடித்தால் அத்தனையும் பாழ். பிறர் உயிரைக் காக்கப் போய் 1930 டிசம்பர் 30-ல் மாண்ட ஷ்மிட்டுக்கு மண்டபம் எழுப்பிய கரை ஐயா இது!

நாய் வாயில்லாப் பிராணியாம். ஆமை மட்டும் பேசுமோ? சங்கிலியின் ஒரு முனை நாயின் கழுத்தில். மறுமுனை நம் கையில் இருப்பது பின் எதற்காக?