குறுக்கீடு குற்றமன்று

ஆட்டத்தில் தோற்றவன் மறுநாளே அதை மறந்துவிடுவான். பலர் நடுவே ‘ஏமாற்றுக்காரன்’ என்று பெயர் கேட்டவன் ஆண்டு பல சென்றாலும் மறவான். நம் வளாகத்து சாப்ட்பால் ஆட்டங்களில் அண்மைக் காலமாக மூளும் பூசல்களுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

சென்ற மாதம் நம் சங்கத்து அணியும் மற்றொரு மொழிச் சங்கத்து அணியும் நட்பு முறையில் ஆடின. இரண்டாம் பேஸிலிருந்து மூன்றாவதை நோக்கி ஓடிய நம் தம்பி ஒருவர், தரையில் உருண்டுவந்த பந்தை எடுக்கக் குனிந்த ஷார்ட் ஸ்டாப் மீது இடித்துவிட்டார். நடுவராக நின்றவர் முதலாண்டு மாணவர். கையுயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினார். குறுக்கீடு என்று சொல்லி ரன்னரை அவுட் ஆக்கினார். அவ்வளவுதான், நம்மவர் ஐந்தாறு பேர் அவரைச் சூழ்ந்துகொண்டனர். ‘வேண்டுமென்றா இடித்தான்?’ என்றார் ஒருவர். ‘உன் மொழிக்காரனுக்குப் பரிகிறாய்’ என்றார் மற்றொருவர். அடுத்த ஞாயிறு நடுவராக நிற்க ஒருவரும் முன்வரவில்லை. ஆட்டமும் நடைபெறவில்லை.

ஓட்டக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த எனக்கு, இரண்டாம் கேள்வியைவிட முதற் கேள்வியே பெரிதாகப் பட்டது. ஏனெனில் அக்கேள்விக்கு சாப்ட்பால் விதியில் இடமே இல்லை!

நாம் அனைவரும் கிரிக்கெட்டில் வளர்ந்தவர்கள். கிரிக்கெட்டின் 37-ஆம் விதிப்படி, பந்து தடுப்போருக்கு ஒருவர் வேண்டுமென்றே இடையூறு செய்தால்தான் அவுட். ஆகவே அந்த அவுட்டில் ஒரு பழியும் கலந்திருக்கிறது. அந்த எண்ணத்தை அப்படியே சாப்ட்பாலுக்குக் கொண்டுவருகிறோம். ஆனால் இரண்டு களங்களின் அமைப்பும் ஒன்றன்று. அங்கே இரு விக்கெட்டுகளுக்கு இடையே நேர்க்கோட்டில் ஓடுகிறோம். இங்கோ 60 அடி இடைவெளியுள்ள நான்கு பேஸ்களைச் சுற்றி ஓடுகிறோம். பந்தைப் பிடிப்பவர்கள் நிற்பதும் அதே பாதையின் ஓரத்தில்தான். மோதல் இந்தக் களத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. எனவே விதி மனத்தைச் சோதிக்காமல் வழியுரிமையைப் பங்கிட்டுக் கொடுத்தது.

அந்தப் பங்கீடு எளியது. அடிக்கப்பட்ட பந்தை எடுக்க முயலும் பீல்டருக்கே வழி உரியது. ரன்னர் விலகி ஓட வேண்டும். விலகாமல் இடையூறு நேர்ந்தால் அது குறுக்கீடு, ரன்னர் அவுட். பந்தும் கையில் இல்லை, அடித்த பந்தை எடுக்கவும் முனையவில்லை என்றால் பீல்டருக்கு அந்த உரிமை இல்லை. அவர் வழியில் நின்றால் அது மறிப்பு, பயன் ரன்னருக்கு. இவ்விரண்டிலும் ‘வேண்டுமென்றா?’ என்ற வினா எழுவதில்லை. பீல்டர் எறிந்த பந்து ரன்னர் மீது படும்போது மட்டும் அவ்வினா எழும். வேண்டுமென்று தடுத்தால்தான் அவுட்.

சாப்ட்பாலின் தாயாகிய பேஸ்பாலிலும் மறிப்புக்கு இதுவே நெறி. 2013-ஆம் ஆண்டு உலகத் தொடரின் மூன்றாம் ஆட்டம், கணக்கு 4–4. எட்டாத பந்துக்குத் தாவிய பாஸ்டன் வீரர் மிடில்புரூக்ஸ் மூன்றாம் பேஸருகே தரையில் கிடந்தார். செயின்ட் லூயிஸ் அணியின் கிரெய்க் அவர் மீது தடுக்கி விழுந்தார். நடுவர் ஜிம் ஜாய்ஸ் மறிப்பு என்று தீர்ப்பளித்தார், ஓட்டம் வழங்கப்பட்டது, ஆட்டமே 5–4 என முடிந்தது. விழுந்து கிடந்தவர் சதி செய்தார் என்று அத்தீர்ப்பு சொல்லவில்லை.

‘பொழுதுபோக்கு ஆட்டத்துக்கு இத்தனை சட்டமா?’ என்று சிலர் கேட்கலாம். பொழுதுபோக்கு என்பதனால்தான் வேண்டும் என்பேன். ஹெல்மெட்டும் பயிற்சியும் இல்லாத நம் களத்தில், குறுக்கீட்டைக் கண்டும் நடுவர் வாளாவிருந்தால் அடுத்த ரன்னர் இன்னும் வேகமாக வந்து இடிப்பார். உடையப்போவது நம்மவர் பல்லோ எதிரணியினர் எலும்போ!

ஆதலின் மூன்று வேண்டுகோள். ஆட்டத்துக்குமுன் ஐந்து நிமிடம் இரு அணிகளும் கூடி இவ்விதிகளை உரக்கப் படியுங்கள். நடுவரை மூன்றாம் சங்கத்திலிருந்து அழையுங்கள். தீர்ப்பைப் பற்றிக் கேட்பதானால் அணித்தலைவர் மட்டும் கேட்கட்டும்.

நண்பர்களே! ‘குறுக்கீடு’ என்று நடுவர் சொன்னால், அந்தக் கணத்தில் அந்த இடம் உங்களுக்கு உரியதன்று என்பதே பொருள். அதில் உங்கள் நாணயமும் இல்லை, நம் மொழியின் மானமும் இல்லை. நடுவு நிலைமைக்கென வள்ளுவர் தனி அதிகாரம் வகுத்தார் என்று மேடைதோறும் முழங்கும் நாம், களத்தில் தனியே நிற்கும் ஒரு நடுவரையும் மதிப்போம். வரும் ஞாயிறு அந்த முதலாண்டு மாணவரைச் சங்கத்தின் சார்பில் நாமே சென்று அழைத்துவர வேண்டும்.