உரத்த குரலும் ஒருதலைத் தீர்ப்பும்

ஆங்கில பாஷையைக் கற்கும் நம் மாணாக்கர்க்கு, ஷவுட், யெல், ஸ்கிரீம், ஷ்ரீக், பெல்லோ, ரோர் முதலிய பதங்களை வரிசையாக எழுதிக் கொடுத்து, அவை யாவற்றுக்கும் எதிரே ‘கத்துதல்’ என்ற ஒற்றை அர்த்தத்தை நிறுத்திவிடுவது நம் வகுப்பறைகளில் வெகுகாலமாகப் பழகிவிட்ட சம்பிரதாயம். பரீட்சையில் தேறுவதற்கு இவ்வளவு ஞானம் போதுமாயிருக்கலாம்; அந்தப் பாஷையில் ஒரு செய்தியை எழுதவோ, அதிலுள்ள ஒரு செய்தியைத் தமிழில் தரவோ முற்படுகிறவரை இது பிறருக்கு அநீதி இழைப்பவராகவும் ஆக்கிவிடக்கூடும் என்பது என் அபிப்பிராயம்.

இச்சொற்களின் பேதம் ஒலியின் அளவைப் பற்றியதன்று. குரலுக்கு உரியவரின் சித்தநிலையைப் பற்றியது. ஷவுட் என்பது பெரும்பாலும் வார்த்தைகளைத் தாங்கி வரும் குரல். தொலைவில் நிற்பவன் செவியில் விழவேண்டும் என்றோ, சினத்தின் காரணமாகவோ ஒருவன் தன் தொனியை உயர்த்துகையில் அது பிறக்கிறது. அதை அடுத்து ‘டு’ வந்தால் தொலைவும், ‘அட்’ வந்தால் கோபமும் பொதுவாகப் புலப்படும். யெல் என்பதில் கட்டுப்பாடு சற்றுத் தளர்ந்து, ஆத்திரமோ உற்சாகமோ மேலோங்கி நிற்கிறது. ஆகவேதான் அமெரிக்காவின் டெக்சஸ் ஏ அண்ட் எம் சர்வகலாசாலையில், பந்தயத் திடலில் மாணவர் கூட்டத்தை ஆர்ப்பரிக்கச் செய்வோர்க்கு ‘யெல் லீடர்’ என்ற பெயர் பொருந்துகிறது. ஸ்கிரீமுக்கோ வார்த்தையே வேண்டியதில்லை. அச்சமும் வலியும், சில வேளைகளில் ஆனந்தமுங்கூட, மொழியைக் கடந்து வெளிப்படும் ஓசை அது. நார்வே தேசத்து ஓவியர் எட்வர்ட் மூங்க் 1893-ல் தீட்டிய புகழ்பெற்ற சித்திரத்தை ஆங்கிலேயர் ‘தி ஸ்கிரீம்’ என்று வழங்குகிறார்களேயன்றி, அதற்கு ‘தி ஷவுட்’ என்று பெயரிட எவரும் நினைக்கமாட்டார். ஷ்ரீக் அதனினும் கூரியது, குறுகியது, தன்வசம் இழந்தது. பெல்லோ காளையின் குரலையும், ரோர் சிங்கத்தின் குரலையும் மனிதனுக்கு ஏற்றுவன.

ஆகவே, ஒருவர் ரோர் செய்தார் என்று எழுதுகையில் அவருக்குக் கம்பீரத்தையும், ஷ்ரீக் செய்தார் என்று எழுதுகையில் அவருக்குப் புத்தித் தடுமாற்றத்தையும் நாம் ஆதாரமின்றியே வழங்கிவிடுகிறோம். இங்கிலாந்தின் சரித்திரமே இதற்குச் சான்று பகரும். பெண்களின் உரிமைக்காகப் பேசிய மாதரை இகழும் பொருட்டு, தாமே ஒரு பெண்மணியாகவும் எழுத்தைக் கொண்டே ஜீவித்தவராகவும் இருந்த எலைசா லின் லிண்டன், 1870-ல் ‘சாட்டர்டே ரெவ்யூ’ பத்திரிகையில் ‘ஷ்ரீக்கிங் சிஸ்டர்ஹுட்’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். அவர்கள் கேட்டது யாது என்பதை விசாரிக்கும் சிரமத்தை அந்தத் தலைப்பு ஒன்றே வாசகருக்கு மிச்சப்படுத்திவிட்டது. மேடையில் நிற்கும் அரசியல்வாதியை இடைமறித்துக் கேள்வி கேட்பதற்கு, ஆளிநாரையும் சணல்நாரையும் சிக்கெடுக்கும் தொழிலிலிருந்து வந்த ‘ஹெக்கிள்’ என்ற சொல் அந்நாட்டில் முன்னரே வழங்கிற்று. அது பொதுக்கூட்டங்களின் பழைய வழக்கமுங்கூட. எனினும் 1905 அக்டோபரில், மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் மண்டபத்தில் சர் எட்வர்ட் கிரே பேசிய கூட்டத்தில், லிபரல் அரசாங்கம் பெண்களுக்கு வாக்குரிமை அளிக்குமா என்று கிரிஸ்டபெல் பாங்கர்ஸ்டும் அன்னி கென்னியும் உரத்துக் கேட்டபோது, அவர்களுக்குக் கிடைத்தது பதிலன்று. மண்டபத்தினின்று வெளியேற்றமும், பின்னர்ச் சிறைவாசமுமே. அவர்கள் கேட்ட கேள்விக்குரிய விடையை, ஆண்களோடு சமமான வாக்குரிமையாக, அந்த நாடு 1928-ல்தான் முழுமையாகத் தந்தது.

இத்தனை நுட்பத்தையும் அகராதி கற்றுத்தராதா என்று சிலர் வினவக்கூடும். பீட்டர் மார்க் ரோஜெட் என்ற வைத்தியர் 1852-ல் வெளியிட்ட ‘தெசாரஸ்’ சொற்களைக் கருத்து வாரியாகத் திரட்டியது மெய்யே. ஆயின் அதன் பயன், கருத்துக்கு இசைந்த சொல்லைத் தேர்ந்தெடுக்க எழுதுவோனுக்குத் துணை செய்வதேயன்றி, திரட்டிய சொற்களெல்லாம் சமானம் என்று ஸ்தாபிப்பதன்று. உபாத்தியாயர்கள் பட்டியலை மனப்பாடம் செய்விப்பதை விடுத்து, குரல் எழுப்பியவர் யார், எவரை நோக்கி, எக்காரணத்தால் என்ற மூன்று வினாக்களை ஒவ்வொரு பதத்தோடும் சேர்த்துப் போதிப்பார்களாயின், மாணாக்கன் சொல்லோடு விவேகத்தையும் கற்றவனாவான்.

பத்திரிகையாளர்க்கும் இவ்வினாக்கள் உரியனவே. அதட்டுதல், அலறுதல், கதறுதல், வீறிடுதல், கர்ஜித்தல், முழங்குதல் என்று பேதங்களைக் காட்டத் தமிழில் வளம் குறைவில்லை. குறை நம் பட்சபாதத்தில் இருக்கிறது. நமக்கு உகந்த தலைவர் முழங்குகிறார், உகவாதவர் கூச்சலிடுகிறார். ஒலிபெருக்கியோ இருவர் குரலையும் ஒரே அளவில்தான் பெருக்கிற்று. உரத்த குரலின் காரணத்தை நேரில் கண்டறியாத நிருபர், ‘உரத்த குரலில் சொன்னார்’ என்று எழுதிவிட்டு, சொன்ன விஷயத்தைப் பிழையின்றித் தருவாராயின், தீர்ப்பு வழங்கும் உரிமை அதற்குரிய வாசகரிடமே நிலைத்திருக்கும்.