ரெண்டாவது புத்தகத்தில் ஹீரோவைக் காணோம்

தொடர் நாவல்களில் ரெண்டாவது புத்தகத்துக்கு எப்பவுமே கஷ்டகாலம்தான். முதல் புத்தகத்தில் எல்லாமே புதுசு. கடைசியில் கதை முடியும். நடுவில் மாட்டினது என்ன பண்ணும்? முதல் கதைக்கே வேற சட்டை மாட்டித் திரும்பச் சொல்லும். இல்லாட்டி அடுத்ததுக்கு வழிகாட்டிப் பலகையா நின்னுடும்.

அப்படி இல்லாத ஒரு ரெண்டாவது புத்தகத்தைப் பத்தித்தான் இன்னிக்கு. உர்சுலா லெ குவின் எழுதி 1971-ல் வந்த 'தி டூம்ஸ் ஆஃப் அதுவான்'. எர்த்ஸீ வரிசையில் ரெண்டாவது. பி.காம் முடிச்சுட்டு பாங்க்ல டெபிட் கிரெடிட் பாக்கறவனுக்கு மந்திரவாதிக் கதையில் என்ன வேலைங்கறீங்களா? வீட்டில் ஒன்பதாம் கிளாஸ் படிக்கிற பொண்ணு இருந்தா, அவ படிக்கிறதை நாமும் படிச்சாகணும் :-)

1968-ல் வந்த முதல் புத்தகத்தின் ஹீரோ கெட். கோன்ட் தீவில் ஆடு மேய்ச்ச பையன், மந்திரம் கத்துக்கிட்டுப் பெரிய ஆளா ஆகிறான். செம்மண் கலந்த பழுப்பு நிறத்துக்காரன். (2004-ல் டிவி தொடரா எடுத்தவங்க அவனை வெள்ளைக்காரனாக்கிட்டாங்க. லெ குவின் அதைக் கண்டிச்சு வெளிப்படையாவே எழுதினாங்க.)

அந்தப் பையனை நம்பி ரெண்டாவதை எடுத்தா, முதல் நாலு அத்தியாயம் முடிஞ்சும் ஆளைக் காணோம். "கெட் எங்கப்பா?"ன்னு என் பொண்ணு புத்தகத்தை மூடி வெச்சுட்டா. நிறைய பேர் அங்கேதான் விடுறாங்க. என் கட்சி இது: அந்த நாலு அத்தியாயத்துக்காகவே நம்ம பிள்ளைங்க இதைப் படிக்கணும். நம்மன்னா, ஊரை விட்டு வந்து குடித்தனம் பண்றவங்க பிள்ளைங்க.

அதில் யார் கதைன்னு பாருங்க. டெனார்னு ஒரு சின்னப் பொண்ணு. முந்தின தலைமைப் பூசாரிணி செத்த ராத்திரி பிறந்தவ. அதனால் அவளே மறுபிறவின்னு சொல்லி, அஞ்சு வயசில் அப்பா அம்மாகிட்டேருந்து கூட்டிட்டுப் போயிடறாங்க. பாலைவனத்து நடுவில் பழைய கல்லறைகள். அங்கே ஒரு சடங்கு வெச்சு அவ பேரை எடுத்துடறாங்க. இனிமே அர்ஹா. 'தின்னப்பட்டவள்'னு அர்த்தம். கெட்ட எண்ணத்தில் செய்யலை, பெரிய மரியாதைன்னு நினைச்சுத்தான் செய்யறாங்க. அவளை யாரும் ஒரு வார்த்தை கேக்கலை.

பேர் விஷயம் எனக்குத் தினப்படி வேலை. நாக்பூரில் கணக்கு திறக்க வர்ற நம்ம ஊர்க்காரங்க, பாரத்தில் பேருக்கு மூணு கட்டம் இருக்கிறதைப் பாத்து முழிப்பாங்க. "ஆட்நாவ் காய்?"னு கேட்டா, இருக்கிற ஒரே இனிஷியலை விரிச்சு அப்பா பேரைக் குடும்பப் பேர் கட்டத்தில் போடணும். அப்புறம் புருஷனுக்கு ஒரு குடும்பப் பேர், பெண்டாட்டிக்கு வேற, பிள்ளைக்கு இன்னொண்ணு. எனக்கு ஸ்கேல் டூ ப்ரமோஷனும் டிரான்ஸ்ஃபரும் சேர்ந்து வந்தப்போ என் பொண்ணுக்கும் வயசு அஞ்சு. யாழினின்னு வெச்ச பேரை, 'ழ'வுக்கு இங்கிலீஷில் போடற எழுத்தைப் பாத்து ஸ்கூலில் யாஜினின்னு படிச்சாங்க. இன்னிக்கும் அவ யாஜினிதான். நாங்க ஒண்ணும் அவளைக் கல்லறைக்கு நேர்ந்து விடலை, குடும்பத்துக்கு அந்த ப்ரமோஷன் வேண்டியிருந்தது. ஆனா அவளையும் யாரும் கேக்கலைங்கறது நிஜம்தானே?

இன்னொண்ணு. டெனார் அந்த இடத்தில் சும்மா அழுதுட்டு உக்காந்திருக்கலை. கல்லறைக்கு அடியில் விளக்கு கொண்டுபோகக் கூடாதுன்னு விதி. அவ சுவரைத் தடவி, திருப்பங்களை எண்ணி, அந்த இருட்டை மனப்பாடம் பண்றா. அது அவ ராஜ்யம், அதில் அவளுக்குப் பெருமை. லீவுக்கு ஊருக்குப் போனா சொந்தக்காரங்க "பாவம் குழந்தை, தமிழே எழுத வரலியே"ம்பாங்க. அந்தக் குழந்தை சீதாபர்டி கடைத்தெருவில் அம்மாவுக்காக மராத்தியில் பேரம் பேசி நூறு ரூபாய் குறைச்சு வாங்கிட்டு வருது. பாவம்னு சொல்ல அதில் என்ன இருக்கு?

அஞ்சாவது அத்தியாயத்தில்தான் கெட் வர்றான், அதுவும் உடைஞ்ச மோதிரத்தின் பாதியைத் தேடி வந்த திருடனா. அவன் கோலின் வெளிச்சத்தில்தான், தான் தடவித் தடவி நடந்த குகை முழுக்க மின்னுற படிகம்னு டெனார் முதல்முறையா பாக்கறா. முதல் புத்தகத்து ஹீரோ இங்கே அடுத்தவங்க வீட்டுக்குள்ள நுழைஞ்ச அந்நியன். வழி தெரியாம மாட்டிக்கிட்டு, அவ கொடுக்கிற தண்ணியில் உயிர் பிழைக்கிறான். வெளியூரில் குடியேறின நம்ம எல்லாருக்கும் இந்தப் பாடம் தேவை. நம்ம கதையில் நாம ஹீரோ, இந்த ஊர்க்காரங்க கதையில் நாம அஞ்சாவது அத்தியாயத்தில் வந்த ஆள்.

'கடைசியில் ஒரு ஆம்பளை வந்துதானே விடுவிக்கிறான்?'னு கேக்கலாம். பாதிதான் சரி. அவ வழி காட்டலைன்னா அவன் அந்த இருட்டிலேயே செத்திருப்பான். அவன் கொடுத்த பெரிய பொருள் ஒண்ணே ஒண்ணு, தொலைஞ்சு போன அவ பேர். 'டெனார்'னு கூப்பிடறான், அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் 'சுபம்' போடலை லெ குவின். டெனாருக்கு விடுதலை பாரமா இருக்கு. பயப்படறா, அழறா, கெட்டையே கொன்னுடலாமான்னு கத்தியைக் கூட எடுக்கறா. அப்பா அம்மாகிட்டயும் திரும்பிப் போகலை. வளர்ந்த இடமும் இல்லாம, பிறந்த வீடும் இல்லாம, கோன்ட்னு மூணாவது ஒரு இடம். நம்ம பிள்ளைங்களுக்கும் அப்படித்தான் அமையும்னு எனக்குத் தோணுது. 'எப்ப ஊருக்குத் திரும்புவே?'ன்னு அவங்களைக் கேக்கறதில் அர்த்தமில்லை. வீட்டுக்குள்ளயாவது அவங்க பேரை 'ழ'வோட சொல்லிக் கூப்பிடறது நம்ம கையில் இருக்கு.

அதனால் நாலு அத்தியாயம் பொறுத்துக்கச் சொல்லிப் பிள்ளைங்க கையில் கொடுங்க. நீங்களும் படிங்க. பிடிச்சிருந்தா, 1990-ல் வந்த நாலாவது புத்தகம் 'தெஹானு'வை உங்களுக்காக எடுத்து வெச்சுக்கோங்க. அதில் டெனாருக்கு நம்ம வயசு. வந்து சேர்ந்த ஊர்க்காரங்க அவளுக்கு அங்கேயும் வேற ஒரு பேர் வெச்சிருக்காங்க.